பாய் விளிம்புவரை வந்த பட்டணம்

ஒரகடம் தொழிற்பேட்டையை ஒட்டிய வடக்குப்பட்டில் நாச்சியார் நடத்தும் பிள்ளைகள் காப்பகத்துக்குள் வங்காள விரிகுடா முதன்முதலாக வந்தது ஓர் ஆடிச் செவ்வாய்க்கிழமை முற்பகலில். கதவிடுக்கு வழியே நுழைந்து, பாய் விரித்திருந்த இடம்வரை வந்து, உட்கார்ந்திருந்த பிள்ளைகளின் கால்விரல்களை நனைத்துவிட்டு, அடுப்பில் பருப்பு வெந்து முடிவதற்குள் திரும்பிப் போய்விட்டது. நாச்சியார் மணலைக் கூட்டி வாசலில் தள்ளினாள். ஈரத்துணியால் தரையைத் துடைத்தாள். பிள்ளைகளுக்குச் சோறு போட்டாள். அந்த வாரம் ஒரகடத்தில் தக்காளி விலை ஏறியிருந்தது. ஏதோ ஒரு கம்பெனியில் மூன்றாவது ஷிப்டை நிறுத்தப்போகிறார்கள் என்றும் பேச்சு அடிபட்டது. ஆகவே கடல் வந்துபோன விஷயம் தெருவைத் தாண்டவில்லை.

கடல் சும்மா வந்துவிடவில்லை, கூப்பிட்டுத்தான் வந்தது. நாச்சியார் விளாத்திகுளம் பக்கத்துப் பெண். கல்யாணத்துக்கு முன்னால் சென்னை தியாகராய நகரில் ஒரு துணிக்கடையில் நின்றாள். வேலை பார்த்தாள் என்பதைவிட நின்றாள் என்பதே சரி. கடை திறந்ததிலிருந்து ஷட்டர் இறங்கும்வரை அங்கே பெண்களுக்கு உட்கார இடம் கிடையாது. வார விடுமுறையில் கூட இருந்த பெண்களெல்லாம் ஹாஸ்டலில் தூங்கித் தீர்ப்பார்கள். அவள் மட்டும் கண்ணில் பட்ட பஸ்ஸில் ஏறி, ஜன்னலோரம் இடம்பிடித்து, அது போய் நிற்கும் கடைசி நிறுத்தம்வரை போவாள். அங்கே ஒரு டீ குடித்துவிட்டு வேறொரு பஸ்ஸில் திரும்புவாள். அப்படித்தான் அந்த ஊர் அவள் காலுக்கும் கண்ணுக்கும் பழகியது. பிறகு தளவாயைக் கட்டிக்கொண்டு ஒரகடம் வந்தாள். அவனுக்கு லாரி பாகங்கள் அடிக்கும் பிரஸ் ஷாப்பில் வேலை. இருவரும் வடக்குப்பட்டில் ஜெகநாதன் கட்டிவிட்டிருந்த லைன் வீடுகளில் ஒன்றில் குடியேறினார்கள். பக்கத்து அறைகளில் இருந்த பெண்கள் ஷிப்டுக்குப் போகும்போது பிள்ளையை விட ஆளில்லாமல் தவிப்பதைப் பார்த்து, முதலில் ஒரு பிள்ளையை வைத்துக்கொண்டாள், அப்புறம் இன்னொன்று. வருஷம் திரும்புவதற்குள் பாய் நிறையப் பிள்ளைகள்.

அந்தப் பிள்ளைகள் பார்த்திருந்த உலகம் இவ்வளவுதான்: கம்பெனி பஸ், கண்டெய்னர் லாரி, எங்கே பார்த்தாலும் முள்கம்பி வைத்த காம்பவுண்டு சுவர். கூட்டம் என்றால் அவர்களுக்குக் கிருத்திகையன்று வல்லக்கோட்டை முருகன் கோயிலில் அப்பாவின் தோள்மேல் உட்கார்ந்து பார்த்த கூட்டம். பட்டணம் என்ற வார்த்தை சோறு ஊட்டும்போது மட்டும் வீட்டில் அடிபடும். தின்னாவிட்டால் பட்டணத்தில் கொண்டுபோய் விட்டுவிடுவேன் என்பார்கள். அங்கே போனால் தொலைந்துபோவாய், பிள்ளை பிடிக்கிறவன் கொண்டுபோவான் என்பார்கள். ஒரு மணி நேரத்துப் பஸ் தூரத்தில் கிடக்கும் ஊரை இப்படிப் பேயாக்கி வைத்திருக்கிறார்களே என்று நாச்சியாருக்கு ஆற்றாமையாக இருந்தது. நாளைக்கு இதே பிள்ளைகள் அந்த ஊரில்தான் படிக்கவும் பிழைக்கவும் போகவேண்டும். அதனால் மதியச் சோற்றுக்கு முன் ஒரு கதை என்று ஆரம்பித்தாள். கதையில் பெரிதாக ஒன்றும் நடக்காது. கூச்சப்படும் பஸ் ஒன்று நிறுத்தத்தைத் தாண்டிப் போய் நின்றுவிட்டு, ஓடிவருகிறவர்களைப் பார்த்து மன்னிப்புக் கேட்கும். கலங்கரை விளக்கம் சாயங்காலமானால் எந்தப் பிள்ளை இன்னும் வீடு திரும்பவில்லை என்று கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்க்கும். மேம்பாலத்துக்கு முதுகு வலிக்கும்போது லாரிகளெல்லாம் ஒரு நிமிஷம் கீழ்வழியாகப் போகும்.

கதையில் கடலைச் சொன்ன அன்று கடல் வந்தது. அதற்குப் பிறகு, சொன்னவையெல்லாம் ஒவ்வொன்றாக வந்தன. மெட்ரோ ரயில் பின்சுவரில் நுழைந்து, கேஸ் சிலிண்டர் அருகில் பிரேக் போட்டு, கதவைத் திறந்து மூடிவிட்டு முன்சுவர் வழியே போனது. மயிலாப்பூர் குளத்தின் படிகள் அலமாரிக்கும் தண்ணீர்க் குடத்துக்கும் நடுவில் இறங்கின. கட்டிடங்கள் ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குள் அடங்கிய உயரத்தில்தான் வந்தன. ஆனாலும் பிள்ளைகள் கழுத்து வலிக்க அண்ணாந்து பார்த்தார்கள். நாச்சியார் சொன்ன அளவுக்குத்தான் பட்டணம் வரும். ஒரு தெருவின் பெயர் மறந்துபோனால் அந்த இடம் வெள்ளையாக, கழுவி வைத்த தட்டு மாதிரி இருக்கும். அவள் வேகமாகச் சொன்னால் வண்டிகள் வேகமாகப் போகும். அவள் நிதானித்தால் சிக்னலில் எல்லாம் நின்று வழிவிடும். தாய்மார்கள் துணி துவைக்குமுன் பிள்ளைகளின் பைகளை உதறி மணலைக் கொட்டப் பழகிக்கொண்டார்கள். வீட்டுக்காரர் ஜெகநாதனின் மனைவி அலமு மட்டும் ஒருநாள் சுவரைத் தடவிப் பார்த்துவிட்டு வந்து நின்றாள்.

"இன்னா நாச்சியாரு, செவுத்துல உப்பு பூத்துக்கினு கீது? இப்பதான பெயின்ட் அடிச்சிக் குட்த்தோம். அந்த சமுத்திரத்த கொஞ்சம் தள்ளி வெச்சிக்கக் கூடாதா?"

"இனிமே வாசப்படியோட நிறுத்திக்கிடுதேன்க்கா," என்றாள் நாச்சியார். அப்படியே செய்தாள்.

பிள்ளைகளில் வேல்விழி என்று நாலு வயதுப் பெண். இடதுகாது சரியாகக் கேட்காது. கதை தொடங்கியதும் வலதுகாதை நாச்சியார் பக்கம் திருப்பிக்கொண்டு, கன்னத்தைத் தோளில் சாய்த்தபடி உட்காருவாள். அம்மா சுகப்பிரியா செல்போன் கம்பெனியில் அசெம்பிளி லைனில் நிற்கிறவள். அப்பா சுடலைக்கண்ணு கம்பெனியில் சரக்குத் தூக்கும் போர்க்லிப்ட் ஓட்டுகிறவன், திருநெல்வேலிப் பக்கத்தான். ஒருநாள் அவன் ஷிப்டு முடிந்து, சேஃப்டி ஷூவைக்கூடக் கழற்றாமல் வாசலில் வந்து நின்றான்.

"ஒன்கிட்ட ஒண்ணு சொல்லணும் தங்கச்சி. இந்தப் பட்டணத்துக் கதைய விட்டுரு."

"ஏன் அண்ணாச்சி? பிள்ளைக நல்லாத்தானே கேக்குதுவ."

"நல்லாக் கேக்குதுவன்னுதான் சொல்லுதேன். பட்டணத்துல எல்லாரும் நல்லவங்கப்பான்னு எம்மவ சொல்லுதா. பயம் விட்டுப்போச்சுன்னா கையையும் விட்ருவா. அங்க ஒருக்க கைய விட்டா பெறவு கெடைக்காது, தெரியுமா ஒனக்கு?"

தெரியாது. அதைத் தளவாய்தான் அன்றைக்குச் சாப்பிடும்போது சொன்னான். சுடலைக்கண்ணுவுக்கு ஆறு வயதாக இருந்தபோது அவன் அப்பா சென்னையில் ஒரு ஓட்டலில் புரோட்டா போட்டுக்கொண்டிருந்தார். கோடை லீவுக்கு அவரைப் பார்க்க அம்மா இரண்டு பிள்ளைகளையும் கூட்டிப் போனாள். எழும்பூரில் மின்சார ரயில் ஏறும்போது கூட்டம் அவளையும் சின்னவனையும் உள்ளே தள்ளிவிட்டது. பத்து வயது மூத்தவன் மகாராஜா மஞ்சள் பையோடு பிளாட்பாரத்தில் நின்றுவிட்டான். அங்கனயே நில்லு, வாரேன் என்று அம்மா கதவிலிருந்து கத்தினாள். அடுத்த ஸ்டேஷனில் இறங்கித் திரும்பி வந்து, அலறிக்கொண்டே அந்தப் பிளாட்பாரத்தின் இந்த முனைக்கும் அந்த முனைக்கும் ஓடினாள். பையன் இல்லை. போலீஸ், சுவரொட்டி, ஜோசியம் எல்லாம் பார்த்துவிட்டு அடுத்த வருஷம் குடும்பம் ஊர் திரும்பியது. முப்பது வருஷமாகச் சுடலைக்கண்ணு படப்பை தாண்டிச் சென்னைப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. ஒரகடத்தில் வேலைக்குச் சேர்ந்ததே, பட்டணத்துக்குள் போகாமல் பட்டணத்துச் சம்பளம் கிடைக்கும் என்பதால்தான்.

நாச்சியார் கதையை நிறுத்தினாள். அறை வெறும் அறையானது. பிள்ளைகள் ஒருவரையொருவர் கடித்தார்கள். ஆனால் பட்டணம் அங்கே வந்து பழகிவிட்டதே, அது சும்மா இருக்கவில்லை. வழி தவறியதுபோல ஒரு மாநகரப் பஸ் வடக்குப்பட்டுத் தெருவுக்குள் நுழைந்து, காப்பக வாசலில் ஹாரன் அடிக்காமல் நின்றுவிட்டுப் போனது. சாயங்காலங்களில் கலங்கரை விளக்கத்தின் வெளிச்சம் தொழிற்சாலைக் கூரைகளைத் தடவிக்கொண்டு போவதைப் பலரும் பார்த்தார்கள். புதுக் கம்பெனிக்காரன் போட்ட விளக்கு என்று நினைத்துக்கொண்டார்கள். அலமுவுக்கு மட்டும் தெரிந்திருந்தது.

"வூட்டாண்ட வந்து வந்து பாத்துட்டுப் போவுதும்மா. பாவமா கீது. இன்னா கோவம் அதும்மேல? கூப்புடேன்."

"கோவம் இல்லக்கா. அண்ணாச்சி சொன்னதுல ஒரு ஞாயம் இருக்கு. அதத்தான் யோசிக்கேன்."

உண்மையில் அவளுக்கு உறைத்தது ஒன்றுதான். அவள் சொன்ன எந்தக் கதையிலும் ஒரு பிள்ளைகூடத் தொலையவில்லை. பட்டணத்தில் தொலைவது செருப்பு அறுந்துபோவது மாதிரி, யாருக்கும் எந்நேரமும் நடக்கிற காரியம். அறுந்தால் என்ன செய்வது என்று தெரிந்திருந்தால் போதும். அதைச் சொல்லாமல் விட்டது தன் கதையின் குறை என்று முடிவுசெய்தாள். சுடலைக்கண்ணுவைத் தேடிப் போய், "அண்ணாச்சி, இனிமே தொலைஞ்சுபோற கதைதான் சொல்லப்போறேன்" என்றாள். பிள்ளையை விட வேறு இடம் கிடையாது என்று சுகப்பிரியா சொல்லிவிட்டாள், அதோடு பேச்சு முடிந்தது.

மறுநாள் பட்டணம் அவசர அவசரமாக வந்து பாயைச் சுற்றி உட்கார்ந்தது. அன்றிலிருந்து பிள்ளைகள் முறைவைத்துத் தொலைந்தார்கள். பாண்டி பஜாரில் ஒருவன், கோயம்பேட்டில் ஒருத்தி. தொலைந்த பிள்ளை நகரக் கூடாது. தூணோ சுவரோ பார்த்து முதுகைச் சாய்த்து நிற்கவேண்டும். கையில் குழந்தை வைத்திருக்கிற அம்மாவிடமோ, காக்கி போட்ட பெண்ணிடமோ தன் பெயர், அப்பா பெயர், ஊர் சொல்லவேண்டும். தேடுகிறவர்கள் ஓடுவார்கள், ஓடுகிற கண்ணுக்கு எதுவும் தெரியாது, அதனால் நீ நிற்கவேண்டும் என்று நாச்சியார் சொல்லிக்கொடுத்தாள். வேல்விழி மற்றவர்களைவிட நன்றாகத் தொலைந்தாள். கோயம்பேட்டில் பூக்கடைத் தூணில் சாய்ந்து, "வேல்விழி, சுடலைக்கண்ணு, வடக்குப்பட்டு" என்று மூச்சுவிடாமல் சொல்லிவிட்டு, கண்டுபிடிக்கிறவரை கொட்டாவி விட்டுக்கொண்டு நின்றாள்.

தை மாதத்தில் அவளுடைய காதை எழும்பூர்ப் பக்கத்தில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் காட்டவேண்டும் என்று ஒரகடத்து டாக்டர் எழுதிக்கொடுத்தார். சுகப்பிரியாவுக்கு லீவு இல்லை. வேறு வழியின்றி சுடலைக்கண்ணுவே கூட்டிப்போனான். மகளின் மணிக்கட்டையும் தன் மணிக்கட்டையும் ஒரு துண்டால் சேர்த்துக் கட்டிக்கொண்டுதான் தாம்பரத்தில் ரயில் ஏறினான். எழும்பூரில் இறங்கும் நேரத்தில் யாரோ ஒரு நல்ல மனுஷன், குழந்தை நசுங்கிவிடப்போகிறதே என்று தூக்கிப் பிளாட்பாரத்தில் இறக்கிவிட்டான். துண்டு அவிழ்ந்தது. ஏறுகிற கூட்டம் சுடலைக்கண்ணுவை உள்ளே தள்ளியது. ரயில் நகர்ந்தது.

சுகப்பிரியா வேலையில் இருந்தாள், அவள் போன் கம்பெனி லாக்கரில் கிடந்தது. அவன் நாச்சியாரைப் போனில் கூப்பிட்டான்.

"தங்கச்சி... பிள்ள எறங்கிட்டு... நான் உள்ள... எழும்பூரு தங்கச்சி, அதே எழும்பூரு..."

"அடுத்த ஸ்டேஷன்ல எறங்குங்க அண்ணாச்சி. அந்தப் பக்கம் போயி திரும்புற ரயில்ல ஏறுங்க. ஓடாதீங்க. அதுவரைக்கும் பிள்ளைய நான் பாத்துக்கிடுதேன்."

சொல்லிவிட்டுப் பிள்ளைகளைப் பாயில் உட்காரவைத்தாள். எழும்பூர் ஸ்டேஷன் என்று தொடங்கியபோது அவள் குரல் ஓடியது. அதனால் ஸ்டேஷனும் ஓடிவந்தது. கால்கள், பெட்டிகள், கூச்சல், முகமே இல்லாத கூட்டம். ஹேமந்த் என்ற சின்னவன் வீறிட்டான். நாச்சியார் கதையை நிறுத்தினாள். ஒரு செம்பு தண்ணீர் குடித்தாள். முகத்தைத் துடைத்துக்கொண்டு, தினமும் உட்காருவதுபோலச் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

"எழும்பூர் ஸ்டேஷனுக்கு வயசாயிருச்சு," என்றாள். "அதால வேகமா நடக்க முடியாது. செவப்புச் சட்ட போட்டுக்கிட்டு, வார ரயிலையெல்லாம் ஒவ்வொண்ணா உள்ள கூப்பிடும். வாங்க, உக்காருங்க, தண்ணி குடிச்சீங்களான்னு கேக்கும்..."

ஸ்டேஷன் மெதுவாக வந்தது. கூட்டம் நடையைத் தளர்த்தியது. பாயின் விளிம்பு முடிந்த இடத்தில் பிளாட்பாரம் தொடங்கியது. அங்கே ஒரு தூணில் முதுகைச் சாய்த்து வேல்விழி நின்றாள். அவளுக்குப் பக்கத்தில், அவள் கையைப் பிடித்துக்கொண்டு, அரைக்கால் டவுசரும் மஞ்சள் பையுமாக ஒரு பையனும் நின்றான்.

பிள்ளைகள் எல்லோரும் ஒரே குரலில் அவள் பெயரைக் கத்தினார்கள். அவள் வலதுகாதைத் திருப்பிக் கேட்டுவிட்டு, தலையாட்டினாள். நாச்சியார் கையை நீட்டினாள். ஒரு எட்டு வைத்தால் பிள்ளை வடக்குப்பட்டில் இருப்பாள்.

"வா தாயி, இங்கன வந்துரு."

"அப்பா வந்து தேடுவாவ. நான் நவுர மாட்டேன். நீங்கதானே அத்த சொன்னீக?"

நாச்சியார் நீட்டிய கையை மடக்கிக்கொண்டாள். அவள் தன் ஆயுசில் பட்ட பெருமையெல்லாம் அந்த ஒரு நொடியில் பட்டதுதான். பிறகு பாயைப் பிளாட்பாரத்துக்குள் கொஞ்சம் இழுத்துப்போட்டு, பிள்ளைகளோடு அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். ஜனங்கள் பாயை மிதிக்காமல் சுற்றிப் போனார்கள். ரயில்வே போலீஸ் பெண் ஒருத்தி குனிந்து, இவ்வளவு பிள்ளைகளும் உங்களோடதா என்று கேட்டாள். ஆமாம் மேடம், இவங்க அப்பாவுக்காக உக்காந்திருக்கோம் என்றாள் நாச்சியார். அவளும் சரியென்று தூணுக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டாள்.

"நீ ஆருல?" என்று நாச்சியார் அந்தப் பையனிடம் கேட்டாள்.

"மகாராஜா. அம்ம இங்கன நிக்கச் சொல்லிட்டுப் போயிருக்கா."

"எப்பம் போனா?"

"ரொம்ப நேரம் ஆயிட்டு. ஒருக்க வந்தா. கத்திக்கிட்டே ஓடுனா, என்னையப் பாக்கல. கூப்பிட்டேன், சத்தத்துல கேக்கல. நில்லுன்னு சொன்னாள்லா, அதாம் நிக்கேன்." பிறகு வேல்விழியைக் காட்டினான். "இந்தப் பாப்பா வந்து தூண்ல சாஞ்சிச்சு. நானும் அதுகிட்ட நவுராதன்னு சொன்னேன். அதுக்கு முந்தியே தெரிஞ்சிருக்கு."

எதிர்த்திசை ரயில் வந்து நின்றது. சுடலைக்கண்ணு இறங்கினான். ஓடக் கூடாது என்று நாச்சியார் சொல்லியிருந்ததால், நடந்தே படியேறி, படியிறங்கி வந்தான். அதனால் அவனுக்கு எல்லாம் தெரிந்தது. தூண் தெரிந்தது. மகள் தெரிந்தாள். அவன் மண்டிபோட்டு அவளை அள்ளிக்கொண்டபோது அவள் கொஞ்சம் திமிறி, "அப்பா, இவனுக்கும் ஆரும் வரல. இவனையும் கூட்டிட்டுப் போவோம்" என்றாள்.

சுடலைக்கண்ணு நிமிர்ந்து பையனைப் பார்த்தான். அப்படியே பிளாட்பாரத்தில் உட்கார்ந்துவிட்டான். பிறகு, "அண்ணே" என்றான்.

பையன் அந்த நரைமீசைக்காரனை வெகுநேரம் உற்றுப் பார்த்தான். முதலில் அப்பா என்று நினைத்தான்போல. இல்லையென்று தலையை அசைத்துக்கொண்டான். சுடலைக்கண்ணு இப்போது சத்தம்போட்டே அழுதுகொண்டிருந்தான், மூக்கு ஒழுக, உதடு கோணிக்கொண்டு.

"ஏல, சுடலையா?" என்றான் மகாராஜா. "இவ்ளவு பெரிசாயிட்ட? மொதல்ல மூக்கத் தொடைல."

துடைத்துக்கொண்டான்.

பிள்ளைகளுக்குச் சாப்பாட்டு நேரமாகிவிட்டது. நாச்சியார் பாயைச் சுருட்டினாள், ஸ்டேஷன் விடைபெற்றுக்கொண்டு போனது. சுடலைக்கண்ணுவும் அவன் மகளும் அண்ணனும் ஆஸ்பத்திரிக்கு நடந்தார்கள். நெரிசலான இடங்களில் நடுவில் சுடலைக்கண்ணுவை விட்டு, இந்தப் பக்கம் வேல்விழியும் அந்தப் பக்கம் மகாராஜாவும் அவன் கையைப் பிடித்துக்கொண்டார்கள். காதில் பெரிய கோளாறு இல்லை, மருந்தில் சரியாகிவிடும் என்று டாக்டர் சொன்னார். அன்று சாயங்காலம் வீட்டிலிருந்து சுடலைக்கண்ணு ஊரில் இருக்கும் அம்மாவுக்கு வீடியோ கால் போட்டான். கிழவி போனைக் கண்ணுக்கருகில் வைத்து மூத்தவனைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். "சட்டைய மாத்தச் சொல்லுல," என்றாள் கடைசியில். "எத்தன நாளா அதே சட்டையப் போட்டுக்கிட்டு நிக்கானோ." மறுநாள் காலை அவளே பஸ் பிடித்து வந்து இறங்கினாள், கையில் பத்து வயதுப் பையனுக்கான இரண்டு சட்டைகளோடு.

வடக்குப்பட்டு இதை அதிகம் பேசவில்லை. கம்பெனிகள் வந்த இந்தச் சில வருஷங்களில் ஊரில் தினமும் புது ஆட்கள் இறங்கிக்கொண்டிருந்தார்கள். இன்னொருவன் வந்தான், அவ்வளவுதான். "சுடலை, உங்க அண்ணனாண்ட சொல்லு, செவுத்துல பந்து அடிக்கசொல்லோ ஜன்னல்ல படாம அடிக்கச் சொல்லு" என்று அலமு ஒருதரம் சண்டைக்கு வந்தாள். பள்ளியில் சேர்க்கப் போனபோது தலைமையாசிரியை, கூட வந்திருப்பவர் யார் என்று கேட்டார். என் தம்பி என்றான் மகாராஜா. அவர் மூக்குக் கண்ணாடிக்கு மேலாக இருவரையும் பார்த்துவிட்டு, தடுப்பூசியெல்லாம் போட்டாயிற்றா என்று கேட்டார்.

நாச்சியார் இப்போது வாரத்தில் ஒருநாள் பிள்ளைகளை நிஜமாகவே சென்னைக்குக் கூட்டிப்போகிறாள். தாய்மார்கள் யாராவது இருவர் கூட வருவார்கள், சில சமயம் தளவாயும். பஸ் நிறுத்தத்தைத் தாண்டிப் போய் நின்றால் பிள்ளைகள் கோபப்படுவதில்லை, பரவாயில்லை என்று டிரைவரிடம் சொல்லிவிட்டு ஏறுகிறார்கள். எழும்பூர் ஸ்டேஷனில் பழைய காலத்து உடுப்பில் தூணோரம் யாராவது நிற்கிறார்களா என்று ஒருமுறை நிதானமாக நடந்து பார்க்கிறார்கள்; இதுவரை வேறு யாரும் இல்லை.

மகாராஜா ஆறாம் வகுப்புக்குப் போய்விட்டான். ஓய்வு நாட்களில் சுடலைக்கண்ணு அவனையும் வேல்விழியையும் பைக்கில் ஏற்றிக்கொண்டு வல்லக்கோட்டைவரை போய்வருவான். ஒரகடம் சாலையில் கண்டெய்னர் லாரிகளை முந்தப் பார்த்தால் பின்சீட்டிலிருந்து அதட்டல் வரும். ஏல, மெதுவாப் போ. சரிண்ணே என்று சுடலைக்கண்ணு வேகத்தைக் குறைத்துக்கொள்வான்.